ஒல்லிப் பிள்ளையின் இடுப்பளவு

அத்தியாயம் பதினொன்று

பாலகிருஷ்ணனின் கல்லீரல் கைவிட்டுவிட்டது, யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் மனிதர் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னபோது, கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைத்தொலைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள் அல்லவா? அப்போது எழுந்து நின்றவன் மகன் கபிலன். "அப்பாவுக்கு நான் தர்றேன்" என்றான். சபாஷ் என்று நாமெல்லாம்கூட கைதட்டினோம்.

அதே மூச்சில் இன்னொரு கையும் உயர்ந்தது. அது அவன் அக்கா நிரஞ்சனாவின் கை. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்ட ஒரே ஆள் சின்ன அத்தை. "நீ முதல்ல உன் உடம்பைக் குறைடி, அப்புறம் தானம் பண்ணலாம்" என்று அவள் சிரித்த சிரிப்பு, நிரஞ்சனாவின் காதில் இன்னும் அடங்கவில்லை.

அன்றிலிருந்து சிங்கப்பூர் மார்சிலிங் வட்டாரத்தில் இருந்த அந்த வீட்டு அடுக்களையில் இரண்டு சட்டம். கபிலனுக்குக் காலையில் பாதாம் பால், மத்தியானம் சோற்றில் நெய், ராத்திரி கோழி சூப். கூடவே அடிக்கடி ஆட்டு ஈரல். ஈரல் கொடுக்கப் போகிறவன் ஈரல் சாப்பிட்டால்தானே உள்ளே ஊறும்? இது அவர்களுடைய அம்மா சந்திரமதியின் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்த டாக்டரையும் அவள் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

நிரஞ்சனாவுக்குச் சப்பாத்தி. எண்ணெய் இல்லாமல் சுட்டது.

இந்த வியாழக்கிழமை காலையில் தாயும் மகளும் தேக்கா சந்தையில் நெய்னா முகம்மது கறிக்கடை முன்னால் நின்றார்கள். தரையெல்லாம் ஈரம். சந்திரமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் ஒரு சுற்று பார்த்தாள்.

"பாய், நல்ல ஈரலாப் பார்த்துக் குடுங்க. என் மகனுக்கு."

"உங்க மகனுக்குன்னு தெரியும்மா. இன்னிக்கு வந்ததுதான், பளபளன்னு இருக்கு பாருங்க. ஆபரேஷன் எப்ப?"

"தேதி சொல்லலை. டெஸ்ட்டு நடக்குது. புள்ளை ஒல்லி உடம்பு பாருங்க, தாங்கணுமே."

"அல்லா இருக்கான்மா." நெய்னா முகம்மது வெட்டிக்கொண்டே நிரஞ்சனாவைப் பார்த்தார். "தங்கச்சிக்கு என்ன வேணும்? எலும்புக் கறி கொஞ்சம் போடவா?"

"அவளுக்கு ஒண்ணும் வேணாம் பாய், அவ டயட்டுல இருக்கா" என்றாள் சந்திரமதி. அதை அவள் மெதுவாகவும் சொல்லவில்லை. பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பி, நிரஞ்சனாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் நிரஞ்சனா ஒரு பதில் கொடுத்திருப்பாள். அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. படிக்கிற காலத்தில் குண்டு எறிதலில் பதக்கம் மேல் பதக்கமாக வாங்கியவள், இப்போது உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அதற்கே பயிற்சியாளர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அவள் ஒரு அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். ஆனால் இன்றைக்கு அவள் கவனம் இங்கே இல்லை.

காரணம், நேற்று வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அத்தை சிரித்த மறுநாளே நிரஞ்சனா வீட்டில் மூச்சுவிடாமல் மருத்துவமனைக்குப் போய், தானும் ஈரல் கொடுக்கத் தயார் என்று பெயர் பதிந்துவிட்டு வந்திருந்தாள். அங்கே தானம் கொடுப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் சங்கீதா அப்போது தெளிவாகச் சொன்னாள். "ஒருத்தரை முழுசாப் பார்த்து முடிச்சப்புறம்தான் அடுத்தவங்களைக் கூப்பிடுவோம். உங்க தம்பி முதல்ல இருக்கார்."

அந்தச் சங்கீதாதான் நேற்று கூப்பிட்டு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா? காலையில எதுவும் சாப்பிடாம வாங்க" என்றாள்.

அப்படியானால் கபிலனைப் பார்த்து முடித்துவிட்டார்களா? முடித்தது நல்லபடியாகவா, வேறு மாதிரியா? நல்லபடியாக என்றால் இவளை எதற்குக் கூப்பிடவேண்டும்? ராத்திரி முழுக்க இதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். கபிலனோ சோபாவில் உட்கார்ந்து பாதாம் பாலைக் குடித்துக்கொண்டு கால்பந்து பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல பிராக்டிஸ் இருக்கும்மா, நான் இப்படியே போறேன்" என்றாள் நிரஞ்சனா.

"லீவு வாரத்துலயா?"

"போட்டி வருது."

"சரி சரி, போ. வெளியில கண்டதையும் தின்னாதே" என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி ஈரல் பையோடு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்தாள்.

மருத்துவமனை ஏழாவது மாடியில், பெயர் கூப்பிடும்வரை காத்திருக்கும் இடத்தில் நிரஞ்சனா உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடாமல் வரச் சொன்னார்கள், தண்ணீரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் எடை மேடையில் ஏறப் போகிறவளுக்கு ஒரு கப் தண்ணீரும் எடைதானே? இருக்கிற சுடிதாரிலேயே மெல்லியதைப் போட்டிருந்தாள். காதுத் தொங்கட்டானைக்கூடக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். முப்பத்துநாலு வயதில், அதுவும் இரும்புக் குண்டைத் தூக்கி எறிகிற கையோடு, இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எதிரே உணவு ஆலோசகரின் அறைக் கதவு திறந்தது. கையில் ஒரு தாளோடு வெளியே வந்தவன் கபிலன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ எங்கே இங்க?" என்றான் கபிலன்.

"அதை நான் கேக்கணும். ஆபீஸ் போறேன்னுதானே கிளம்பின?"

"நீ பிராக்டிஸ்னுதானே கிளம்பியிருப்ப?"

அவன் கையிலிருந்த தாளை நிரஞ்சனா வெடுக்கென்று பிடுங்கினாள். ஒரு தட்டின் படம். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனும் பருப்பும். மேலே அவன் பெயர். அதற்குக் கீழே பேனாவால், 'இனிப்புப் பானம் வேண்டாம், நெய் வேண்டாம், தினமும் வேகநடை' என்று எழுதியிருந்தது.

"இது என்னடா? ஈரல் குடுக்கறவங்களுக்கு இதான் சாப்பாடா?"

கபிலன் அவளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, சத்தம் போடாதே லா. என்னை வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"டாக்டர்ஸ். போன வாரமே. என் லிவர்ல கொழுப்பாம். கொஞ்சநஞ்சம் இல்ல, நிறைய. ஸ்கேன்ல காட்டினாங்க. இந்த லிவரை வெட்டி எடுத்தா அப்பாவுக்கும் உதவாது, மிச்சம் எனக்கும் பத்தாதுன்னு சொல்றாங்க."

நிரஞ்சனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். குச்சி மாதிரி கை. கழுத்து எலும்பு தெரிந்தது. சின்ன வயதிலிருந்து 'சாப்பிடுடா, சாப்பிடுடா' என்று அம்மா துரத்திக்கொண்டே இருந்த பிள்ளை.

"உனக்கா? கொழுப்பா? உன் வெயிட் என்ன?"

"அறுபத்தஞ்சு. பிஎம்ஐ இருபத்திரெண்டுகூட இல்ல. எல்லாம் நார்மல்னுதான் நானும் நெனச்சேன். பிஎம்ஐன்னா வெயிட்டையும் ஹைட்டையும் வச்சுப் போடற கணக்கு, கொழுப்பு எங்க உட்கார்ந்திருக்குன்னு அதுக்குத் தெரியாதாம். நம்ம ஆளுங்களுக்குக் கையில கால்ல சேராம வயித்துக்குள்ள போய்ச் சேருமாம். வெளியில பார்த்தா ஒல்லி, உள்ள இப்படி. அப்பாவுக்கும் இதானாம் அக்கா. இதுல சர்க்கரை வேற சேர்ந்துக்கிச்சு."

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுநராக இருந்தவர் அப்பா. காலமெல்லாம் உட்கார்ந்த இடத்தில் வேலை, வேளைக்கு ஒரு டம்ளர் கெட்டிப் பால் தேத்தண்ணீர். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஆனாலும் ஈரல் கெட்டுப் போச்சு என்றதும், 'குடிச்சிருப்பாரு, யாருக்குத் தெரியும்' என்று சொந்தத்தில் எத்தனை பேர் முணுமுணுத்தார்கள்! அம்மா அதைக் கேட்டுக் குளியலறையில் போய் அழுதாளே!

"போன வாரமே தெரிஞ்சும் வீட்டுல ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? எல்லாரு முன்னாடியும் மார் தட்டிட்டேன். அம்மா கோயில் கோயிலாப் போய் என் பேருல அர்ச்சனை பண்றாங்க." கபிலன் கெஞ்சினான். "அக்கா ப்ளீஸ். உடம்பைக் குறைச்சா லிவர் கொழுப்பும் குறையுமாம். ரெண்டு மாசம் டைம் குடு. மறுபடி டெஸ்ட் எடுக்கறேன்."

"அப்பாவுக்கு ரெண்டு மாசம் இருக்கா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அப்பா வயித்துலேர்ந்து தண்ணி எடுத்துக்கிட்டே இருக்காங்க. சீக்கிரம் பண்ணாத்தான் நல்லதுன்னு டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாரு? சரி, அதை விடு. நேத்து ராத்திரி அந்தப் பாதாம் பாலை ஏன்டா குடிச்ச?"

"வேணாம்னா அம்மா ஏன்னு கேப்பாங்க."

அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இவளுக்குக் கை பரபரத்தது. அதற்குள் உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். மிஸ் நிரஞ்சனா. கபிலன் வாயைப் பிளந்தான்.

"ஆமாம், நானும் பேர் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சங்கீதா கறாரான பெண், ஆனால் முகம் சிரித்த முகம். "வெளியில உங்க தம்பியைப் பார்த்திருப்பீங்க. அவரைப் பத்தி உங்ககிட்ட நான் எதுவும் பேச முடியாது. உங்களைப் பத்தியும் அவர்கிட்ட பேச மாட்டேன். சரியா? வாங்க, ஏறுங்க."

நிரஞ்சனா செருப்பைக் கழற்றி எடை மேடையில் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். சங்கீதா எழுதும் சத்தம் கேட்டது.

"எண்பத்தெட்டு. உயரம் நூத்து அறுபத்தெட்டு. பிஎம்ஐ முப்பத்தொண்ணு."

"அப்ப நான் போகவா?" என்றாள் நிரஞ்சனா. அவள் நிஜமாகவே கைப்பையை எடுத்துவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"முப்பத்தொண்ணுன்னா குண்டுன்னுதானே அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இருபத்தி மூணு தாண்டினாலே தப்புன்னு நானே என் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

"உட்காருங்க மேடம். அந்த நம்பரை மட்டும் பார்த்து வேணாம்னு சொல்றதா இருந்தா ஃபோன்லயே சொல்லியிருப்போம். பதிவு பண்ணும்போதே வெயிட் எழுதியிருந்தீங்களே. முப்பதைத் தாண்டினா இன்னும் கவனமாப் பார்க்கணும், அவ்வளவுதான். என்ன வேலை செய்யறீங்க?"

"ஷாட்புட் கோச்."

"இன்னும் வெயிட் தூக்கறீங்களா?"

"வாரத்துல நாலு நாள்."

"அதான் பாருங்க. எடை மேடைக்குத் தசையும் ஒண்ணுதான், கொழுப்பும் ஒண்ணுதான்."

அடுத்தது கால் வைக்கும் தகடும் கைப்பிடியும் உள்ள இயந்திரம். உடம்புக்குள் மெல்லிய மின்சாரம் ஓடவிட்டு, அது எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துக் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லுமாம். மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றச் சொன்ன சங்கீதா, இவள் உதடு வெடித்திருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல... நேத்து ராத்திரியிலேர்ந்து."

"நாங்க சாப்பாடுதானே வேணாம்னு சொன்னோம்?"

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். "வெயிட் கொஞ்சம் கம்மியாக் காட்டுமேன்னு..."

சங்கீதா சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். "நல்ல ஆளு போங்க! உடம்புல தண்ணி இல்லன்னா இந்த மெஷின் கொழுப்பு ஜாஸ்தின்னு காட்டும். உங்களை நீங்களே மாட்டி விட்டுக்கறீங்க. இதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல லிவர்."

இடுப்பை நாடாவால் அளந்தாள். கால்சட்டை நிற்கிற இடத்தில் அல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். எண்பத்து நாலு சென்டிமீட்டர். பெண்களுக்கு எண்பதுக்குள் இருப்பதுதான் நல்லது, இதில் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னாள். அதன்பிறகு டாக்டர் வந்தார். நிரஞ்சனா மல்லாந்து படுக்க, வலது விலாவில் ஒரு கருவியை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். தம்பியின் ஈரலை வேண்டாம் என்று சொன்ன மாதிரி இதையும் சொல்லப் போகிறார்கள், அப்புறம் அப்பாவுக்கு யாருமில்லை. இத்தனை வருடம் இந்த உடம்பைத் திட்டித் தீர்த்தவள், இன்றைக்கு அதனிடம் 'தயவுசெய்து' என்று கெஞ்சிக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைச் சங்கீதா தமிழில் ஒரு தடவை சொன்னாள். "கொழுப்பு ரொம்பக் கம்மி. இது முதல் பார்வைதான். திங்கட்கிழமை பெரிய ஸ்கேன் எடுத்து, குழு உட்கார்ந்து பேசித்தான் சரி, இல்லன்னு சொல்வோம். ஆனா கதவு திறந்திருக்கு."

நிரஞ்சனா அழுதாள். ஆமாம், படுக்கையில் கால் நீட்டிப் படுத்தபடியே ஓவென்று அழுதாள். அப்புறம் சங்கீதா கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் சங்கீதா. "நீங்க தர்றேன்னு சொன்னா மட்டும் பத்தாது. அப்பா வாங்கிக்கறேன்னு சொல்லணும். அவர் மனசாரச் சரின்னு சொல்லாம நாங்க கத்தியைத் தொட மாட்டோம். திங்கட்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க."

அதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நிரஞ்சனா இறங்கி வந்தாள். கஷ்டமெல்லாம் அம்மாவிடம்தான் என்பது அவள் எண்ணம். கபிலனுக்கு ராத்திரிச் சாப்பாடுவரை அவகாசம் கொடுத்தாள். "நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்" என்று செய்தி அனுப்பினாள். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

ராத்திரி. மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பாலகிருஷ்ணனுக்கு உப்பில்லாத கஞ்சி. மனிதர் மஞ்சள் பூத்த கண்ணோடு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்தார். வீடு முழுக்க மிளகும் சோம்பும் மணந்தன. சந்திரமதி ஈரல் வறுவலைச் சட்டியோடு கொண்டுவந்து கபிலன் தட்டில் கொட்டினாள். மேலே ஒரு கரண்டி நெய்.

நிரஞ்சனா தம்பியைப் பார்த்தாள். சொல்லு.

கபிலன் சோற்றைப் பிசைந்தான். ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய்.

"நல்லாருக்காடா?" என்றாள் சந்திரமதி.

"ம், சூப்பர்ம்மா."

அவ்வளவுதான். நிரஞ்சனா எழுந்து கையை நீட்டி அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அடிப்பாவி!" சந்திரமதி பாய்ந்து தட்டைப் பிடித்தாள். "அவன் தட்டுலயா கை வைக்கற? உங்கப்பாவுக்காகச் சாப்பிடறான்டி அவன்! உன்னால நாலு நாள் நாக்கைக் கட்டி வைக்க முடியாதா?"

நிரஞ்சனா தட்டை விட்டாள். அம்மாவுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. தட்டைத் தொட்டால் தின்னத்தான் தொட்டிருப்பாள், வேறு எதற்கு? காலையிலிருந்து, மருத்துவமனையை விட்டு வந்த பிறகும்கூட, பதற்றத்தில் அவள் பல்லில் ஒன்றும் படவில்லை என்பது அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? முகம் நெருப்பாகக் காந்தியது.

கபிலன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். நல்லவேளை, பிள்ளைக்கு அந்த அளவாவது ரோஷம் இருந்தது.

"அம்மா, அக்காவைத் திட்டாதீங்க. நான் சாப்பிடக் கூடாது. ஆஸ்பத்திரியில என்னை வேணாம்னுட்டாங்க."

"என்னடா உளறற?"

"என் லிவர்ல கொழுப்பு. போன வாரமே சொல்லிட்டாங்க. நான்தான் மறைச்சேன்."

சந்திரமதி அவனைப் பார்த்தாள், நிரஞ்சனாவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். "உனக்கா? அவங்க வேற யார் ரிப்போர்ட்டையோ பார்த்துட்டுச் சொல்றாங்க. எத்தனை வருஷமா முப்பத்திரெண்டு பேன்ட்தானே போடற? ஒரு இஞ்சு ஏறியிருக்கியா?"

சொல்லிக்கொண்டே போய் ரவிக்கை தைக்கிற அளவு நாடாவை எடுத்து வந்தாள். கபிலன் இடுப்பு வாரின் மேலேயே அதைச் சுற்றினாள். "பாரு, முப்பத்திரெண்டு! நல்லாப் பாரு! இவனுக்கு எங்கடி கொழுப்பு?"

நிரஞ்சனா அம்மாவின் கையிலிருந்து நாடாவை வாங்கினாள். தம்பியின் சட்டையைத் தூக்கினாள். வயிறு எப்போதோ முன்னால் வந்துவிட்டிருந்தது, அதற்குப் பயந்து கால்சட்டைதான் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிருந்தது. எந்தக் கடையில் கேட்டாலும் முப்பத்திரெண்டு என்றே பயல் சொல்லிக்கொண்டிருந்தான். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், காலையில் சங்கீதா சுற்றிய அதே இடத்தில் அவள் நாடாவைச் சுற்றினாள்.

"மூச்சை இழுக்காதே. விடு."

முப்பத்தேழு.

"ஆம்பளைங்களுக்கு முப்பத்தஞ்சரைக்குள்ள இருக்கணும்மா" என்றாள் நிரஞ்சனா.

சந்திரமதி நாடாவைக் கிட்டத்தில் வைத்துப் படித்தாள். வாழ்நாளெல்லாம் ஊர்ப் பெண்களுக்கு அளவெடுத்துத் தைத்தவள், பெற்ற பிள்ளையைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெய்யா ஊத்தினேனே... நானே ஊத்தினேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்களால வரலைம்மா. ரொம்ப வருஷமா இருக்காம். இனிமே வேணாம், அவ்வளவுதான்" என்றான் கபிலன்.

"அப்ப உங்கப்பாவுக்கு?"

"நான் இருக்கேன்" என்றாள் நிரஞ்சனா. "இன்னிக்கு என்னை டெஸ்ட் பண்ணினாங்க. வெயிட் ஜாஸ்திதான், இடுப்பும் கொஞ்சம் குறைக்கணும். ஆனா லிவர் நல்லாருக்காம். ரத்தமும் அப்பா குரூப்தான். திங்கட்கிழமை பெரிய ஸ்கேன்."

சந்திரமதி மகளின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

"வேணாம்" என்று ஒரு குரல் வந்தது.

இத்தனை நேரமும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்த பாலகிருஷ்ணன்.

"அப்பா?"

"கபிலன் முடியாதுன்னா விட்டுடுங்க. இறந்தவங்க ஈரலுக்குக் காத்திருக்கற ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல என் பேரு இருக்கு, வந்தா வரட்டும். வரலைன்னா இவ்வளவுதான்னு இருந்துக்கறேன். நிரஞ்சனாகிட்ட நான் வாங்க மாட்டேன்."

"ஏன்? பையன் குடுத்தா வாங்கிப்பீங்க, பொண்ணு குடுத்தா ஆகாதா?" நிரஞ்சனாவின் குரல் உயர்ந்தது.

"அதில்லம்மா." அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "சின்னப் புள்ளையிலேர்ந்து நீ சாப்பிட்ட ஒவ்வொரு வாயையும் இந்த வீட்டுல எண்ணினோம். உங்கம்மாவை மட்டும் சொல்லாதே. நானும்தான். உன் பதக்கத்தை ஒருத்தர்கிட்ட காட்டினதில்ல. சொந்தக்காரங்க கேலி பண்றப்போ அவங்களோட சேர்ந்து சிரிச்சேன். இந்த உடம்பு வேணாம், வேணாம்னு உன்கிட்ட சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டு, இப்ப எனக்குன்னு வந்ததும் அதுலேர்ந்து ஒரு துண்டு வெட்டிக் குடும்மான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்குவேன்?"



இந்த வார்த்தையைக் கேட்கத்தான் நிரஞ்சனா எத்தனை வருடம் ஏங்கினாள்! கேட்டுவிட்டாள். கேட்டதும் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். மனிதர் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் சாகத் துணிந்துவிட்டார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா. சண்டை போடணும்னாலும் நீங்க இருந்தாத்தானே போட முடியும்? முதல்ல உயிரோட இருங்க!"

பாலகிருஷ்ணன் அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உலர்ந்த உதடு, உள்ளே போன கண். அவருக்கு என்ன தெரிந்ததோ, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல."

"சந்திரா, அவளுக்குச் சோறு போடு."

சந்திரமதி ஓடினாள். அள்ளி அள்ளிப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், தட்டை மகள் முன்னால் வைத்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

நிரஞ்சனா தட்டைப் பார்த்தாள். பசி குடலைப் பிடுங்கியது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க சரின்னு சொல்லுங்க. நான் சாப்பிடறேன்."

"நிரஞ்சனா, விளையாடாதே."

"நான் விளையாடலை."

சந்திரமதி கரண்டியோடு நின்றாள். கபிலன் அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பாலகிருஷ்ணன் வாயைத் திறக்கவில்லை. நிரஞ்சனாவும் தட்டைத் தொடவில்லை.